"ரெண்டு மணி நேர வேலைதானே?" - டேட்டா என்ட்ரிக்கு நிஜமாகவே எவ்வளவு நேரம் ஆகும்?

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். பந்தல் பிரித்தாகிவிட்டது. வாடகைப் பாத்திரங்கள் போய்விட்டன. கூடத்து மேசையில் இரண்டு மொய் நோட்டுகள் மட்டும் கிடக்கின்றன. மொத்தம் 850 வரிகள். கல்லூரியில் படிக்கும் மருமகளைப் பார்த்து மாமா சொல்கிறார்:

"பாப்பா, இந்த ரெண்டு நோட்டையும் உன் லேப்டாப்ல ஏத்திக் குடுத்துரு. ரெண்டு மணி நேர வேலைதானே?"

"சரிங்க மாமா. இன்னைக்கு ராத்திரியே முடிச்சிடுறேன்."

இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தவள், பதினொன்றரைக்கு நிமிர்ந்து பார்க்கிறாள். 230-வது வரி. இன்னும் 620 பாக்கி. கழுத்து வலிக்கிறது. நோட்டில் இருப்பது 'மு.க.' வா, 'மு.சு.' வா என்று தெரியவில்லை. காலையில் மாமா கேட்டால் என்ன சொல்வது?

இந்தக் காட்சி பல வீடுகளில் வேறு வேறு வடிவத்தில் நடப்பதுதான். பள்ளிக்கூடத்தில் மாணவர் பட்டியல், சங்கத்தில் உறுப்பினர் விவரம், மளிகைக் கடையில் பழைய கடன் நோட்டு, கோயில் திருப்பணிக்கு நன்கொடைக் கணக்கு என்று எல்லாவற்றையும் 'கம்ப்யூட்டரில் ஏற்ற' வேண்டியிருக்கிறது. ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், எல்லோரும் ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

மொய் நோட்டு என்றால் ஒரு ராத்திரித் தூக்கத்தோடு போய்விடும். 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி' என்ற விளம்பரத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்தத் தப்புக் கணக்கு பணமாக, பயமாக, வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வருகிறது. அதனால் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு கடிகாரமும் பெருக்கல் வாய்ப்பாடும் போதும்.

ஏன் எப்போதும் குறைத்தே சொல்கிறோம்?

இது சோம்பேறித்தனமோ பொய்யோ இல்லை. மனித மனதின் இயல்பு. டேனியல் கானமன், ஆமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்கு 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1994-ல் ரோஜர் புஹ்லர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், 'எத்தனை நாளில் முடிப்பீர்கள்?' என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. 'சரி, எல்லாமே தப்பாகப் போனால்?' என்றபோது 49 நாள் வரை ஆகலாம் என்றார்கள். நிஜத்தில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். அதாவது, மிக மோசமாகப் போனால் என்று கற்பனை செய்ததைவிடவும் நிஜம் நீண்டுவிட்டது.

காரணம் எளிது. வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது தடங்கல் எதுவும் வருவதில்லை. கரன்ட் போவது, வாசலில் கூரியர்காரர் கூப்பிடுவது, அடுப்பில் பால் பொங்குவது, நோட்டில் ஒரு பக்கம் தண்ணீர் பட்டு அழிந்திருப்பது எதுவும் அந்தக் கற்பனையில் இருக்காது. மாமாவின் மனதில் ஓடியது ஒரே ஒரு வரியை அடிக்கும் காட்சிதான். 850 வரி ஓடவில்லை.

டைப்பிங் வேகம் என்ன சொல்கிறது?

முதலில் விரல் வேகத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தட்டச்சுத் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் பணிக்கு மணிக்கு 8,000 தட்டுகள் கேட்கிறது. சில துறைகளுக்கு 15,000.

இந்த இரண்டு அளவையும் ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. ஒரு ஆங்கிலச் சொல் என்றால் சராசரியாக 5 தட்டு என்பது தேர்வாணையமே வைத்திருக்கும் கணக்கு. நிமிடத்துக்கு 35 சொல் என்றால் மணிக்கு 10,500 தட்டு. அப்படிப் பார்த்தால் 8,000 தட்டு என்பது நிமிடத்துக்கு சுமார் 27 சொல்தான். இளநிலை பாஸ் செய்தவரின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

மொய் நோட்டின் ஒரு வரியில் ஊர், பெயர், இனிஷியல், தொகை எல்லாம் சேர்த்துச் சுமார் 45 தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8,000 என்ற வேகத்தில் ஒரு வரிக்கு 20 விநாடி. 850 வரிக்கு ஏறக்குறைய 4 மணி 45 நிமிடம். கவனியுங்கள், விரல் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலே இவ்வளவு. 'ரெண்டு மணி நேரம்' என்பது முதல் கணக்கிலேயே அடிபட்டுவிட்டது.

இந்த 4 மணி 45 நிமிடமும் நிஜம் இல்லை. தேர்வில் அந்த வேகத்தைச் சோதிப்பது 15 நிமிடம் மட்டும். கையில் இருப்பது தெளிவாக அச்சடித்த தாள். வீட்டில் இருப்பதோ, பந்தல் நெரிசலில் அவசர அவசரமாக எழுதிய நோட்டு.

எல்லாத் தட்டும் ஒரே நேரம் எடுப்பதில்லை

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூவர் 1980-ல் அளந்து வெளியிட்டார்கள். இன்றும் மென்பொருள் வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் கணக்கு அது.

நல்ல பழக்கம் உள்ள சராசரி டைப்பிஸ்ட்டுக்கு ஒரு தட்டுக்கு 0.20 விநாடி. அவரே அர்த்தமில்லாத எழுத்துகளை அடித்தால் 0.50 விநாடி. எழுத்தும் எண்ணும் கலந்த சிக்கலான குறியீடு என்றால் 0.75 விநாடி. கீபோர்டே புதிது என்பவருக்கு 1.20 விநாடி. மவுஸை நகர்த்தி ஓர் இடத்தைக் காட்ட 1.1 விநாடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக 0.4 விநாடி. 'அடுத்து என்ன?' என்று மனம் தயாராக 1.35 விநாடி.

இதை நம் ஊர் வேலைக்குப் பொருத்திப் பார்த்தால் பல விஷயம் புரியும். 15 எழுத்துள்ள சாதாரணச் சொற்றொடரை அடிக்க 3 விநாடி. அதே 15 இடமுள்ள ஜிஎஸ்டி எண்ணை அடிக்க 11 விநாடிக்கு மேல். வங்கியின் 11 இட ஐஎஃப்எஸ்சி குறியீடும் அப்படித்தான். 'எல்லாம் சின்னச் சின்ன எண்தானே' என்று எடுத்த வேலை ஏன் இழுக்கிறது என்பதற்கு இதுதான் பதில். பெயரும் ஊரும் தெரிந்த சொற்கள், விரல் தானாக ஓடும். குறியீடு வந்தால் கண் தாளுக்கும் திரைக்கும் நாலு தடவை போய் வரும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸைத் தேடிப் போகிறவர், டேப் விசையைத் தட்டி நகர்கிறவரைவிட ஒவ்வொரு முறையும் ஒன்றரை விநாடி இழக்கிறார். ஒரு வரிக்கு 4 கட்டம் என்றால் 6 விநாடி. 850 வரிக்கு 1 மணி 25 நிமிடம், வெறும் மவுஸுக்காக!

தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எந்த விசைப்பலகை என்பதைப் பொறுத்துத் தட்டுகளின் எண்ணிக்கை மாறும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 முறையில் 'அம்மா' என்று அடிக்க 4 தட்டு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பவருக்கு அதே சொல்லுக்கு 5 தட்டு ஆகும். பெயர் தமிழில், இனிஷியல் ஆங்கிலத்தில் என்று மாறி மாறி வந்தால், மொழியை மாற்றும் விசைக்கும் சேர்த்து நேரம் ஓடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' என்ற ஆங்கிலக் கணக்கை அப்படியே தமிழ் வேலைக்குப் போடவும் முடியாது.

20 வரி சோதனை

இவ்வளவு நுணுக்கமும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? தேவையில்லை. இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் அளந்துவிடும் எளிய வழி இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் 20 வரியை நிஜமாகவே அடித்துப் பாருங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும்.

அந்த 20 வரியை முதல் பக்கத்திலிருந்தே எடுத்துவிடக் கூடாது. எந்த நோட்டிலும் முதல் பக்கம் முத்து முத்தாக இருக்கும். கூட்டம் கூடிய பிறகு எழுதிய நடுப்பக்கங்கள்தான் கோழி கிளறியது மாதிரி இருக்கும். முதலில் 7, நடுவில் 7, கடைசியில் 6 என்று எடுத்தால் சரியாக வரும். பக்கம் புரட்டுவது, புரியாத எழுத்தை உற்றுப் பார்ப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள் இருக்க வேண்டும். கடிகாரத்தை நடுவில் நிறுத்தக் கூடாது.

மொய் நோட்டில் அந்தப் பெண் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் கணக்கு இப்படிப் போயிருக்கும்:

20 வரிக்கு 15 நிமிடம். அதாவது ஒரு வரிக்கு 45 விநாடி. 850 வரிக்கு 10 மணி 37 நிமிடம்.

அடித்ததை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வரிக்கு 10 விநாடி. அது 2 மணி 22 நிமிடம்.

ஒவ்வொரு 50 நிமிட வேலைக்கும் 10 நிமிட ஓய்வு. அதைச் சேர்த்தால் மொத்தம் 15 மணி 35 நிமிடம்.

புரியாத பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிவாக்க 1 மணி நேரம்.

ஆக, 16 மணி 35 நிமிடம். தினமும் 3 மணி நேரம் உட்கார முடியும் என்றால் 6 நாள். இரண்டு மணி நேரம் எங்கே, ஆறு நாள் எங்கே!

ஓய்வு நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது சொகுசு இல்லை. மணிக்கட்டும் கண்ணும் தாங்கினால்தான் மறுநாள் வேலை நடக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லிக் கண் மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதற்காகத்தான். முதல் 20 வரியில் இருந்த வேகம் ஐந்தாவது மணி நேரத்தில் இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

'இப்போதுதான் போனில் படம் எடுத்தாலே எழுத்தாக மாறிவிடுகிறதே?' என்று கேட்கலாம். அச்சடித்த தாள் என்றால் நல்ல பலன் கிடைக்கும். அவசரக் கையெழுத்து, இனிஷியல், ஊர்ப்பெயர் என்று வந்தால் ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். அடிக்கும் நேரம் குறையும், சரிபார்க்கும் நேரம் கூடும். அதற்கும் அதே 20 வரி சோதனைதான். படம் எடுத்து, திருத்தி முடிக்க எவ்வளவு ஆனது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சரிபார்ப்பு: எல்லோரும் மறக்கும் பாதி வேலை

மொய்க் கணக்கில் 1,001 என்பது 101 ஆகிவிட்டால், நாளை அந்த வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யும்போது மானம் போய்விடும். மாணவர் பட்டியலில் பிறந்த தேதி தப்பானால் சான்றிதழ் வரைக்கும் அந்தத் தப்பு போகும். அதனால் சரிபார்க்கும் நேரமும் வேலை நேரம்தான்.

தொகைகளுக்கு ஒரு பழைய கணக்குப்பிள்ளை உத்தி இருக்கிறது. கம்ப்யூட்டர் காட்டும் கூட்டுத்தொகையையும் நோட்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 510 என்பதை 501 என்று அடித்தால் வித்தியாசம் 9. 540-ஐ 450 என்று அடித்தால் 90. தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். ஆனால், ஒருவர் தொகை இன்னொருவர் பெயரில் விழுந்துவிட்டால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பார்ப்பதுதான் வழி.

துளையிட்ட அட்டைகளில் தகவலைப் பதிந்த அந்தக் காலத்திலேயே, ஒருவர் அடித்ததை இன்னொருவர் மறுபடி அடித்து இரண்டையும் ஒப்பிடும் வழக்கம் இருந்தது. மருந்துச் சோதனை போன்ற முக்கியமான பதிவுகளில் 'இரட்டைப் பதிவு' முறை இன்றும் உண்டு. பிழை குறையும். ஆனால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 'ஒரு பிழைகூட இருக்கக் கூடாது' என்று கேட்பவரிடம் இந்த இரட்டிப்பை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிழைக் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒருவர் ஒவ்வொரு கட்டத்தையும் 99 சதவிகிதம் சரியாக அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அருமையான வேலைதான். ஆனால் ஒரு படிவத்தில் 10 கட்டம் இருந்தால், ஒரு பிழைகூட இல்லாத படிவங்கள் 90 சதவிகிதம்தான் கிடைக்கும். 30 கட்டம் இருந்தால் 74 சதவிகிதம்தான். 'ஒரு கட்டம் தப்பானாலும் முழுப் படிவமும் தப்பு' என்று விதி வைத்துவிட்டால், கெட்டிக்காரரும் தோற்றுத்தான் போவார்.

இந்த விதியை வேண்டுமென்றே வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

7 நாளில் 1,000 பக்கம்: விளம்பரத்துக்குள் இருக்கும் வலை

'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். அனுபவம் தேவையில்லை. கைநிறையப் பணம்.' வாட்ஸ்அப்பில் வரும் இந்த வகை விளம்பரங்களில் நேர்மையானவையும் இருக்கலாம். மோசடிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட பக்கம், குறிப்பிட்ட துல்லியம் என்று நிபந்தனை இருக்கும். வேலையை ஒப்படைத்த பிறகு, 'தரச் சோதனையில் தோல்வி' என்று ஓர் அறிக்கை வரும். சம்பளம் கிடையாது. மாறாக, 'ஒப்பந்தத்தை மீறினீர்கள், இவ்வளவு கட்டுங்கள்' என்று வக்கீல் பெயரில் போனும் நோட்டீஸும் வரும்.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் பலர் படித்தவர்கள்தான். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள், வேலை தேடும் பட்டதாரிகள், ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் செய்யாமல் விட்டது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு.

ஒரு மாதிரிக்கு, 7 நாளில் 1,000 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் 2,000 எழுத்துகள். மொத்தம் 20 லட்சம் தட்டுகள். மணிக்கு 8,000 என்ற தேர்வாணைய வேகத்தில் 250 மணி நேரம் ஆகும். ஆனால் 7 நாளில் இருப்பதே 168 மணி நேரம்தான்! தூங்காமல், சாப்பிடாமல், குளிக்காமல் அடித்தாலும் முடியாது. மணிக்கு 10,500 தட்டும் வேகம் என்றாலும் 190 மணி நேரம். 15,000 தட்டும் கைதேர்ந்தவருக்குக்கூட 133 மணி நேரம், அதாவது தினமும் 19 மணி நேரம். இதில் சரிபார்ப்பு சேரவே இல்லை.

தினமும் 6 மணி நேரம் உழைக்கக்கூடியவர் மணிக்கு 8,000 வேகத்தில் 7 நாளில் அடிக்கக்கூடியது 168 பக்கம். 1,000 பக்கம் கேட்பவருக்கு இது தெரியாதா? தெரியும். முடிக்க முடியாத வேலையைக் கொடுப்பதுதான் அங்கே தொழிலே. வேலை முடிந்துவிட்டால் அவர்களுக்கு வருமானம் இல்லை.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பயத்தில் பணம் அனுப்பாமல் இருப்பது. சொன்ன நேரத்தில் வேலையை முடிக்கவில்லை என்பது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்துவிட முடியாது. ஒப்பந்தத்தில் பெரிய தொகை எழுதியிருந்தாலும், அதை அப்படியே வசூலித்துவிட முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைப் பற்றித்தான் பேசுகிறது. எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே.

மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். வந்த மெசேஜ்கள், ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடக் கூடாது. உண்மையான நீதிமன்ற நோட்டீஸ் என்று தோன்றினால் அலட்சியம் செய்யாமல் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இந்த உதவி கிடைக்கும்.

வேலை கொடுப்பவர் முன்பணமோ பதிவுக் கட்டணமோ கேட்டால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. உழைக்கப் போகிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

கூலி பேசும் முன்

நேர்மையான வேலைக்கும் இந்தக் கணக்கு வேண்டும். 'ஒரு பதிவுக்கு 1 ரூபாய், 850 பதிவுக்கு 850 ரூபாய்' என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலே பார்த்த மொய் நோட்டுக் கணக்கில் அடிப்பது, சரிபார்ப்பது, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு பதிவுக்கு 66 விநாடி. மணிக்கு 54 பதிவு. அப்படியானால் மணிக்கூலி 54 ரூபாய். கரன்ட், இணையம், லேப்டாப் தேய்மானம் எல்லாம் அதற்குள்ளேதான். இந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்பது அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

டிடிபி கடையில் "அக்கா, நாளைக்குக் காலையில கிடைச்சிருமா?" என்று கேட்பவரிடம், "கிடைச்சிடும் தம்பி" என்று உடனே சொல்லிவிடுவதைவிட, "ஒரு அரை மணி நேரம் குடுங்க, கொஞ்சம் அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பது இருவருக்கும் நல்லது. தேதி சொல்லும்போதும் ஒரே நாளாகச் சொல்லாமல், 'வியாழனுக்குள் முடியலாம், சனி கண்டிப்பாகத் தருகிறேன்' என்று இரண்டு நாளாகச் சொல்லலாம்.

மண்டபத்தில் லேப்டாப் வைத்து மொய் பதிந்து ரசீது கொடுக்கும் வழக்கம் மதுரைப் பக்கம் பரவலாகிவிட்டது. அங்கேயும் இதே கணக்குதான். ஒருவருக்கு 40 விநாடி, வருவது 600 பேர் என்றால் 6 மணி 40 நிமிடம். எல்லோரும் 3 மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள் என்றால் ஒரு மேசை போதாது, இரண்டும் போதாது. மூன்று மேசை போட்டால்தான் பந்திக்குப் போகும் வழியில் வரிசை நிற்காது.

கையில் வைத்துக்கொள்ள 6 குறிப்புகள்

1. மொத்தம் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 'ரெண்டு நோட்டு' என்பது அளவு இல்லை.

2. முதல், நடு, கடைசிப் பக்கங்களிலிருந்து 20 வரி அடித்து நேரம் பாருங்கள். 20-ஆல் வகுத்து, மொத்த வரியால் பெருக்குங்கள்.

3. சரிபார்ப்பு நேரத்தைத் தனியாக அளந்து சேருங்கள்.

4. 50 நிமிடத்துக்கு 10 நிமிடம் ஓய்வு. சந்தேகங்களைக் கேட்டுத் தெளிய தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

5. ஒரு நாளில் நிஜமாக எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று பார்த்து நாளாக மாற்றுங்கள்.

6. முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்று டைரியில் எழுதிவையுங்கள். அடுத்த வேலைக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கடைசிக் குறிப்புதான் திட்டமிடல் பிழைக்கு உளவியலாளர்கள் சொல்லும் மருந்தும்கூட. இந்த வேலை எப்படிப் போகும் என்று கற்பனை செய்யாதே, இதைப் போன்ற போன வேலை எப்படிப் போனது என்று பார் என்கிறார்கள்.

மொய் நோட்டு வீட்டுக்கே திரும்புவோம். மறுநாள் காலை, மாமா காபி டம்ளரோடு வந்து கேட்கிறார்.

"என்ன பாப்பா, முடிஞ்சிருச்சா?"

"இல்லைங்க மாமா. 230தான் ஆச்சு. எழுத்து புரியலை. நீங்க பக்கத்துல உக்காந்து வாசிச்சீங்கன்னா சீக்கிரம் போகும்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். எழுதியது அவருடைய தம்பி. அந்தக் கையெழுத்து அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. 'மு.சு.' யார், அவர் எந்த ஊர், போன தடவை என்ன செய்தார் என்பது வரை தெரியும். 20 வரி போனதும் அவள் போனைப் பார்க்கிறாள். 10 நிமிடம். ஒரு வரிக்கு 30 விநாடி.

620 வரிக்கு 5 மணி 10 நிமிடம். மொத்தத்தையும் சரிபார்க்க 2 மணி 22 நிமிடம். ஓய்வும் சேர்த்தால் 9 மணி நேரம்.

"தினம் 3 மணி நேரம் உக்காந்தா மூணு நாள் மாமா."

"மூணு நாளா?" என்று இழுத்தவர், நோட்டின் பாக்கிப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

"சரி, அடுத்த வரி சொல்றேன், அடி."